ஓடாத காரும் தேயும்

பழைய சொகுசுக் கார் வாங்கப் போகிறவரிடம் யார் பேசினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "கிலோமீட்டர் எவ்வளவு?" 28,000 என்று பதில் வந்தால் கண் விரியும். 1,20,000 என்றால் உதடு பிதுங்கும், பேச்சு அதோடு முடிந்துவிடும். விற்கிறவருக்கும் இது நன்றாகத் தெரியும். அதனால்தான் "டாக்டர் வண்டி சார், கிளினிக்குக்கும் வீட்டுக்கும்தான் போச்சு, மழையில வெளியவே எடுக்க மாட்டார்" என்ற வசனம் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் ஒரே சுருதியில் கேட்கிறது. தமிழ்நாட்டில் டாக்டர்கள் வாங்கிய எஸ் கிளாஸ் எண்ணிக்கையை விட, டாக்டர் வைத்திருந்ததாகச் சொல்லி விற்கப்பட்டவை அதிகமாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

மீட்டரில் எண் குறைந்தால் வண்டி நல்ல வண்டி என்ற இந்த நம்பிக்கையில் புரோக்கருக்கும் மெக்கானிக்குக்கும் மச்சானுக்கும் வேறுபாடே இல்லை. மெர்சிடிஸ் எஸ் கிளாஸ், பிஎம்டபிள்யூ 7 சீரிஸ், ஆடி ஏ8, ஜாகுவார் எக்ஸ்ஜே போன்ற பெரிய செடான்களைப் பொறுத்தவரை இது தவறு. தவறு மட்டுமல்ல, வாங்குகிறவரை மோசமான காரின் பக்கமாகவே தள்ளிவிடுகிற தவறு.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது புரியாத விஷயமில்லை. அம்பாசடரும் மாருதி 800-ம் டாடா சுமோவும் ஓடிய காலத்தில் வண்டி தேய்வது என்றால் தூரத்தால் தேய்வதுதான். பிஸ்டன் ரிங், கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், ஸ்டியரிங் மூட்டுகள் எல்லாம் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதற்கு ஏற்பத் தேய்ந்தன. இத்தனை ஓடினால் எஞ்சினைப் பிரித்து போர் பண்ண வேண்டும் என்று டிரைவர்களே கணக்கு வைத்திருந்தார்கள். அந்த வண்டிகளில் காலத்தால் கெடுகிற பாகம் கொஞ்சம். ரப்பர் குழாய்களும் சில வாஷர்களும் போனால் உள்ளூர்க் கடையில் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ஆக மீட்டரைப் பார்த்து விலை சொன்னது அன்று அறிவுள்ள செயல்.

அந்த அறிவை அப்படியே 2012 மாடல் எஸ் 350 சிடிஐ மீது சுமத்தும்போதுதான் கணக்கு உதைக்கிறது. இந்தக் கார்களின் எஞ்சின் உலோகம் தூரத்துக்கு அஞ்சுவதில்லை. ஜெர்மனியில் இவை நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடப் பிறந்தவை. ஜப்பானியர் 1989-இல் கொண்டுவந்த லெக்ஸஸ் எல்எஸ் 400-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கார் எழுத்தாளர் மாட் ஃபேரா வைத்திருந்த 1996 மாடல் ஒன்று பத்து லட்சம் மைலைத் தாண்டியது, அதாவது சுமார் 16 லட்சம் கிலோமீட்டர். பெரிய சொகுசு செடானில் முதலில் சாவது எஞ்சின் உலோகமில்லை. ரப்பர், பிளாஸ்டிக், சீல், எண்ணெய், ஒயர், பேட்டரி, மின்னணுப் பெட்டிகள் ஆகியவைதான். இவற்றில் பெரும்பாலானவை மீட்டரைப் பார்த்து வயதாவதில்லை. காலண்டரைப் பார்த்து வயதாகின்றன.

ஏர் சஸ்பென்ஷனில் இருந்து தொடங்கலாம், ஏனென்றால் மீட்டர் வழிபாட்டுக்காரர்கள் முதலில் அடிவாங்கும் இடம் அது. 1998-இல் வந்த டபிள்யூ220 எஸ் கிளாஸிலிருந்து காற்று அடைத்த ரப்பர் பைகள்தான் இரும்பு ஸ்பிரிங்கின் வேலையைச் செய்கின்றன. 2005-இல் வந்த டபிள்யூ221-லும் அப்படியே. பிஎம்டபிள்யூ 7 சீரிஸின் நீளமான எஃப்02-இல் பின்சக்கரங்களுக்கு மட்டும் காற்றுப் பை. 2015-இல் வந்த அடுத்த தலைமுறையில் நான்கு சக்கரங்களுக்கும். இந்தப் பையை நம் மெக்கானிக்குகள் பெல்லோ என்பார்கள். அதன் கீழ்ப்பகுதி உள்ளே மடிந்து, வண்டி ஏறி இறங்கும்போது அந்த மடிப்பு மேலும் கீழும் உருளும். ஓடுகிற வண்டியில் மடிப்பு இடம் மாறிக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் காற்று மெல்ல இறங்கி, வண்டி உட்கார்ந்து, மடிப்பு ஒரே இடத்தில் நசுங்கிக் கிடக்கும். பெட்டியில் ஒரே மடிப்பில் வைத்த பட்டுச்சேலை அந்த மடிப்பிலேயே இற்றுப்போவது போலத்தான் பெல்லோவும் வெடிக்கிறது. சென்னை வெயிலும் உப்புக் காற்றும் இதற்குக் கூடுதல் உதவி.

பெல்லோவில் ஊசி முனையளவு கசிவு வந்தால் வண்டி உடனே படுத்துவிடாது. கம்ப்ரசர் அடிக்கடி ஓடி காற்றை நிரப்பிக்கொண்டே இருக்கும். இப்படி அளவுக்கு மீறி ஓடிய கம்ப்ரசர் சூடேறித் தேயும், அதன் ரிலே ஒட்டிக்கொள்ளும், கடைசியில் பெல்லோவோடு கம்ப்ரசரும் சேர்ந்து போகும். விற்பனை நாளில் இது கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் வருவதற்கு அரை மணி முன்னதாக வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்தால் போதும், கார் கம்பீரமாக நிமிர்ந்து நிற்கும். டெஸ்ட் டிரைவில் மேகத்தில் போகிற மாதிரியும் இருக்கும். ஆகவே பார்க்க வேண்டியது டெஸ்ட் டிரைவை இல்லை. அதற்கு முந்தைய இரவை. சாயங்காலம் நான்கு சக்கரங்களின் மேலும் ஃபெண்டர் விளிம்புவரை டேப் வைத்து அளந்துவிட்டு, பூட்டி, சாவியைத் தள்ளி வைத்து, மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்யாமல் மீண்டும் அளக்க வேண்டும். ஒரு மூலை இறங்கியிருந்தால் கதை தெரிந்துவிட்டது. இந்தச் சோதனைக்கும் மீட்டர் எண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

எஞ்சினுக்கு வருவோம். டபிள்யூ221 டீசல் எஸ் கிளாஸில் பெரும்பாலும் இருப்பது ஓஎம்642 என்ற 3 லிட்டர் வி6. நல்ல எஞ்சின், நெடுங்காலம் உழைக்கும். ஆனால் அதன் ஆயில் கூலரை இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுப் பள்ளத்தில், டர்போவுக்கும் இன்டேக்குக்கும் கீழே புதைத்து வைத்திருக்கிறார்கள். அந்த வெப்பத்தில் கூலரின் ரப்பர் சீல்கள் காலப்போக்கில் இறுகி, எண்ணெய் கசிந்து, பள்ளத்தில் தேங்கி, எஞ்சினின் பின்பக்கமாக கியர்பாக்ஸ் மீது வழியும். கிராங்க் ஷாஃப்ட் பின் சீல் போய்விட்டது என்று தவறாக முடிவுகட்டி கியர்பாக்ஸை இறக்கிய மெக்கானிக்குகள் உண்டு. சீலின் விலை அற்பம். அதைத் தொட டர்போ, இன்டேக் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்பதால் கூலி அற்பமில்லை. பிறகு மெர்சிடிஸே மேம்பட்ட பொருளில் சீல்களை மாற்றித் தந்தது. இந்த வேலை முடிந்த பில் கையில் இருக்கிற 1,30,000 கி.மீ. காருக்கும், பழைய சீலோடு போர்டிகோவில் வெந்துகொண்டிருந்த 30,000 கி.மீ. காருக்கும் நடுவே எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை.

"கிளினிக்குக்கும் வீட்டுக்கும்தான் போச்சு" என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். டீசல் காருக்கு அதைவிட மோசமான வாழ்க்கை இல்லை. புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, எஞ்சின் நன்றாகச் சூடேறி, தொடர்ந்து ஓரளவு வேகத்தில் ஓட வேண்டும். அடையாறிலிருந்து மயிலாப்பூருக்குப் போய்வருகிற கார் அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. எரிப்புத் தொடங்கும், நடுவில் வண்டி நிற்கும், அதற்கென்று கூடுதலாகத் தெளித்த டீசல் சிலிண்டர் சுவர் வழியாக எஞ்சின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். மாதம் ஒரு முறையாவது திருச்சிக்கோ மதுரைக்கோ போய்வந்த 1,20,000 கி.மீ. காரின் எஞ்சின் உட்புறம் இதைவிடச் சுத்தமாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

கியர்பாக்ஸில் கதை இன்னும் வேடிக்கையானது. ஆயுள் முழுவதற்குமான எண்ணெய், மாற்றவே வேண்டாம் என்று கார் கம்பெனிகள் சொல்லிவந்தன. பிஎம்டபிள்யூ, ஆடி ஏ8, ஜாகுவார் எக்ஸ்ஜே ஆகியவற்றுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து தருகிற இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது, அவ்வளவு ஓடாவிட்டாலும் எட்டு ஆண்டில் மாற்றச் சொல்கிறது. செய்தவனே வருடக் கணக்கு சொல்கிறான். விற்கிறவன் மட்டும் கிலோமீட்டர் கணக்கு சொல்கிறான். குறைவாக ஓடிய காரின் உரிமையாளர் எந்த இலக்கையும் தொடவில்லை என்று எண்ணி எதையும் மாற்றியிருக்க மாட்டார். பிரேக் ஆயிலும் அப்படித்தான். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

சரி, மீட்டர் உண்மையையே சொல்கிறது என்று வைத்துக்கொண்டாலும், அது எதைச் சொல்கிறது? நம் ஊரில் இந்தக் கார்களை முதலாளி ஓட்டுவதில்லை. கல்யாண மண்டப வாசலில், ஏர்போர்ட்டில், கிளப் வளாகத்தில் டிரைவர் ஏசி போட்டுக்கொண்டு காத்திருப்பார். ஐயா வரும்போது உள்ளே குளுகுளுவென்று இருக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரமும் எஞ்சின் ஓடுகிறது, ஏசி கம்ப்ரசர் ஓடுகிறது, ஃபேன் ஓடுகிறது. மீட்டர் மட்டும் அசையாமல் இருக்கிறது. எத்தனை மணி நேரம் எஞ்சின் ஓடியது என்பதைப் பல வண்டிகளின் கன்ட்ரோல் யூனிட் குறித்து வைத்திருக்கும். ஸ்கேனர் மாட்டும் டெக்னீஷியனிடம் அதை எடுத்துத் தரச் சொல்லி, கிலோமீட்டரை அந்த மணிநேரத்தால் வகுத்துப் பாருங்கள். சராசரி வேகம் பத்து, பதினைந்து என்று வந்தால் அந்தக் குறைந்த கிலோமீட்டருக்குள் ஒளிந்திருப்பது ஒரு முதிர்ந்த எஞ்சின். பின் இருக்கையின் இடப்பக்கத்தையும் பாருங்கள். ஐயா உட்காரும் இடம் அதுதான். அங்கே தோல் பளபளத்துத் தளர்ந்து, அந்தப் பக்கக் கதவின் ரப்பர் நசுங்கி, மீட்டர் மட்டும் இளமையாக இருந்தால் விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

உண்மையையே சொல்லும் என்பதும் தாராளமான அனுமானம்தான். மீட்டர் திருப்புவது இன்று கம்பி விட்டுச் சுழற்றுகிற வேலை இல்லை, லேப்டாப் வேலை. அமெரிக்காவில் 1972-லேயே இதற்கு எதிராகக் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. அப்படியும் ஆண்டுக்கு நான்கரை லட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் பொய் மீட்டரோடு விற்கப்படுவதாக அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. அங்கே அப்படியென்றால் இங்கே என்ன நிலை என்று ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை. ஒரு ஆறுதல், இந்தப் பெரிய கார்கள் தூரத்தை ஒரே இடத்தில் மட்டும் எழுதி வைப்பதில்லை. சாவி யூனிட், கியர்பாக்ஸ் யூனிட் எனப் பல இடங்களில் அதன் சுவடு இருக்கும். அவசரக்காரர் டாஷ்போர்டை மட்டும் திருத்திவிட்டுப் போயிருப்பார். நாம் எந்த எண்ணைத் தெய்வமாக்குகிறோமோ அந்த எண்ணைத்தான் திருத்துவார்கள். குறைந்த கிலோமீட்டருக்குக் கூடுதல் பணம் என்ற வழக்கம் இருக்கும்வரை அந்தத் தொழிலுக்குச் சம்பளம் கொடுப்பது வாங்குகிறவர்கள்தான்.

சென்னைக்காரர்கள் மறக்கக் கூடாத இன்னொன்று உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அடித்தளப் பார்க்கிங்கில் மூழ்கிய கார்களின் மீட்டர் எப்படி இருக்கும்? குறைவாகத்தான் இருக்கும். மூழ்கிய பிறகு எங்கே ஓடியது? இந்த வகைக் கார்களில் தரைக் கம்பளத்துக்கு அடியிலும் டிக்கியின் அடிப்பகுதியிலும் மின்னணுப் பெட்டிகளும் ஒயர் இணைப்புகளும் இருக்கின்றன. கம்பளத்தின் அடியில் இருக்கும் தடித்த பஞ்சு ஒரு முறை நனைந்தால் எளிதில் காயாது. மேலே ஷாம்பு போட்டு உலர்த்திவிடுவார்கள், உள்ளே பச்சைக் களிம்பு பிடித்த கனெக்டர் அப்படியே இருக்கும். சீட் ரயிலின் போல்ட்டில் துரு இருக்கிறதா, சீட் பெல்ட்டை அடிவரை இழுத்தால் சேற்றுக் கோடு தெரிகிறதா என்று பார்ப்பது மீட்டரைப் பார்ப்பதைவிட ஆயிரம் மடங்கு பயனுள்ளது. கூடவே பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளைக் கேளுங்கள். கிளைம் இல்லாத முதல் ஆண்டுக்குப் பிறகு 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்து ஆண்டில் 50 சதவீதத்தை எட்டும் நோ கிளைம் போனஸ், ஒரே உரிமையாளரிடம் இருக்கும்போதே 2016-இல் திடீரென்று பூஜ்யமானால் ஏதோ நடந்திருக்கிறது. போனஸ் காருக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது என்பதால் இதை மட்டும் வைத்து தீர்ப்புச் சொல்ல முடியாது. கேள்வி கேட்கப் போதும்.

இதற்கெல்லாம் வருகிற பதில்களில் கொஞ்சம் நியாயம் உள்ளது ஒன்று: அதிகம் ஓடிய காரில் கன்ட்ரோல் ஆர்ம், புஷ், பால் ஜாயின்ட், ஷாக், சக்கர பேரிங் எல்லாம் தேய்ந்திருக்குமே? தேய்ந்திருக்கும். நம் வேகத்தடைகளில் இரண்டு டன் எடையோடு ஏறி இறங்கினால் தேயாமல் என்ன செய்யும்? ஆனால் இவை சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுத் தேய்கிறவை. லிஃப்டில் ஏற்றிக் கடப்பாரை வைத்து அசைத்தால் பத்து நிமிஷத்தில் தெரியும், விலை முன்கூட்டியே சொல்லலாம், பேரத்தில் கழிக்கலாம். நின்றே கெட்ட காரின் குறை ஒவ்வொன்றாக, நீங்கள் ஓட்டத் தொடங்கிய பிறகு வெளியே வரும். முதல் மாதம் பேட்டரி, மூன்றாம் மாதம் பெல்லோ, ஆறாம் மாதம் தண்ணீர்க் குழாய். பத்து ஆண்டு வேலையே இல்லாமல் இருந்த ரப்பருக்குத் திடீரென்று வேலை கொடுத்தால் இதுதான் நடக்கும்.

"திரும்ப விற்கும்போது கிலோமீட்டர் குறைவாக இருந்தால்தானே விலை போகும்" என்பது இன்னொரு வாதம். விலை போகும்தான். ஆனால் அதே விலையை நீங்களும் கொடுத்துத்தானே வாங்கினீர்கள்? அந்த எண்ணைக் காப்பாற்ற வண்டியை எடுக்காமல் நிறுத்தி வைத்தால், ஓட்டாத காருக்கு இன்சூரன்ஸ் கட்டுகிற காவல்காரர் வேலைதான் உங்களுக்கு மிஞ்சும்.

மூன்றாவதாக ஒரு கூட்டம், பழைய சொகுசுக் காரே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடும். இவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. காரின் விலை பத்தில் ஒன்றாக இறங்கினாலும் பாகத்தின் விலை இறங்குவதில்லை. கோடி ரூபாய்க் காருக்கான ஹெட்லைட்டைத்தான் நீங்கள் வாங்க வேண்டியிருக்கும். பிஎம்டபிள்யூவின் என்63 வி8 எஞ்சின் போட்ட 750எல்ஐ பக்கம் போக வேண்டாம் என்று நானும் சொல்வேன். டர்போக்களை இரண்டு வரிசைகளுக்கும் நடுவே வைத்ததில் வால்வ் சீல்கள் வெந்து ஆயில் குடிக்கும் எஞ்சின் அது. 2014-இல் அந்நிறுவனமே அமெரிக்காவில் தனிப் பராமரிப்புத் திட்டம் ஒன்றை அறிவிக்க வேண்டி வந்தது. அங்கேயும் குற்றவாளி வெப்பமும் வடிவமைப்பும்தான். 20,000 கி.மீ. மட்டும் ஓடிய 750எல்ஐ அந்தக் குறையிலிருந்து தப்பிவிட்டது என்று மீட்டர் உறுதி தராது. எந்த மாடல், எந்த எஞ்சின் என்ற கேள்விக்குக்கூட மீட்டருக்கு முன் இடம் உண்டு என்பதைத்தான் இது காட்டுகிறது.

டெல்லி வண்டிகளைப் பற்றி ஒரு வரி. பத்து ஆண்டு தாண்டிய டீசல் கார்களுக்கு அங்கே வந்த தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பிறகு, மலிவாகத் தெற்கே வந்த டீசல் செடான்கள் நிறைய. அவற்றில் நல்லவையும் உண்டு. தடையில்லாச் சான்று, இங்கே கட்ட வேண்டிய வரி, மறுபதிவு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் மலிவு பாதி கரைந்திருக்கும்.

மீட்டரை வைத்து இல்லையென்றால் எதை வைத்து மதிப்பிடுவது? பில் கோப்பை வைத்து. கார் எவ்வளவு ஓடியது என்பதைவிட, காருக்கு எவ்வளவு செலவு செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்பதே இந்த வகைக் காரின் ஜாதகம். ஏர் பெல்லோ எந்த ஆண்டு மாற்றியது, கியர்பாக்ஸ் ஆயில் ஒரு முறையாவது மாற்றியதா, கூலன்ட், தெர்மோஸ்டாட், பிரேக் ஆயில் இரண்டாண்டுக்கு ஒரு முறை தொடர்ச்சியாக வருகிறதா, நடுவில் இரண்டு வருஷம் எந்தப் பில்லும் இல்லாத பாலைவனம் இருக்கிறதா என்று தேதியின் மேல் விரல் வைத்துப் படிக்க வேண்டும். ஒவ்வொரு பில்லிலும் அன்றைய கிலோமீட்டர் அச்சாகியிருக்கும். மீட்டர் திருப்பிய கதை இங்கேயே அம்பலமாகிவிடும். டயரின் பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தையும் பில்லோடு ஒப்பிடுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். 25,000 கி.மீ. ஓடிய 2012 மாடலில் மூன்றாவது செட் டயர் இருந்தால் எங்கேயோ கணக்கு இடிக்கிறது. அதே 2012 டயரே இருந்தால் கணக்கு சரி, ஆனால் அந்த டயரில் ஈசிஆரில் போக எனக்குத் தைரியமில்லை.

இரண்டு எஸ் 350 சிடிஐ பக்கத்தில் பக்கத்தில் நிற்பதாக வைத்துக்கொள்வோம், இரண்டும் 2012. ஒன்று 31,000 கி.மீ., கண்ணாடி போன்ற பெயின்ட், கோப்பு கிடையாது, விலை மூன்று லட்சம் கூடுதல். மற்றது 1,18,000 கி.மீ., முன் பம்பரில் கல் அடித்த புள்ளிகள், கைப்பிடித் தோல் கொஞ்சம் தேய்ந்தது, இரண்டு கை கனத்துக்கு பில்கள். நான் இரண்டாவதை எடுப்பேன். மிச்சமான மூன்று லட்சத்தை முதல் வருஷத்துச் செலவுக்கென்று ஒதுக்குவேன், அது மொத்தமும் தேவைப்படாமல் போகலாம். முதல் காருக்கும் ஒரு வாய்ப்புத் தரலாம். "பில்லெல்லாம் தூக்கிப் போட்டுட்டோம் சார்" என்றால் பாதகமில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வேலை நடந்திருந்தால் சேஸி எண்ணை வைத்து வரலாறு முழுதையும் எடுக்கலாம், உரிமையாளர் போன் செய்து கேட்டாலே போதும். அந்தப் போனை நம் எதிரிலேயே செய்யச் சொல்லுங்கள். செய்து, வரலாறு வந்து, அதில் எட்டு ஆண்டாகக் கியர்பாக்ஸ் ஆயிலும் பெல்லோவும் தொடப்படவில்லை என்று தெரிந்தால், மூன்று லட்சம் கூடுதல் என்பது மூன்று லட்சம் குறைவு என்ற இடத்திலிருந்து பேரத்தைத் தொடங்கலாம்.